கல்லும் கல்பும்



சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழன் இரவு, இஷா தொழுகைக்குப் பின் எங்கள் மஞ்சக்குப்பம் பள்ளிவாசலில் அல்பகரா அத்தியாயத்தின் 74ஆம் வசனத்துக்கு விளக்கம் சொல்லிக் கொண்டிருந்தேன். பசுவின் சம்பவத்திலே இறந்தவன் உயிர்பெற்று எழுந்ததைக் கண்ணால் கண்ட பின்னரும் பனீ இஸ்ராயீல் மக்களின் உள்ளங்கள் இறுகிப் போயின. கல்லைப் போலாயின, ஏன், கல்லினும் கடினமாயின என்று அல்லாஹ் அங்கே கடிந்துரைக்கிறான். அத்தோடு விடவில்லை. கல்லுக்காக அவனே பரிந்தும் பேசுகிறான். ஆறுகள் பீறிட்டு வரும் கற்கள் உண்டு. பிளந்து நீர் சுரக்கும் கற்கள் உண்டு. தன்னை அஞ்சி உருண்டு விழும் கற்களும் உண்டு என்று கல்லின் பக்கம் மூன்று சாட்சிகளை நிறுத்துகிறான்.

எனக்கு வயது முப்பத்தைந்து. ஒலிபெருக்கி முன்னால் நின்றால் குரல் தானாக ஓங்கிவிடுகிற வயது. அன்றும் ஓங்கிற்று. உறவை முறித்துக்கொண்டு வாழ்பவர்களைக் கல் நெஞ்சர்கள் என்று பலமுறை சாடினேன். ஜமாஅத்தார் தலையாட்டினார்கள். எனக்கும் திருப்தியாகவே இருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு ஒரு பெரியவர் மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தார். எழுபதைக் கடந்தவர். நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம், தெருவும் வேண்டாம். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

"ஹஜ்ரத், கல் நெஞ்சுன்னு சொன்னது என்னையும் சேர்த்துத்தான். பதினாறு வருஷமா என் தம்பியோட எனக்குப் பேச்சு இல்லே. அத்தா மவுத்தான பிறகு வீட்டைப் பிரிச்சோம். நடுவுல சுவர் வந்துச்சு. அம்மா மவுத்துக்கு ஒரே ஸஃப்புல நின்னோம். ஜனாஸா தொழுகையிலே ஸலாம் கொடுத்தப்போ அவன் என் வலது பக்கம். நான் மலக்குகளை நெனச்சுத்தான் கொடுத்தேன், அவனை நெனைக்கலே. நெஞ்சு கல்லாயிடுச்சுங்கிறது எனக்கே தெரியும். கல்லா ஆன பிறகு என்ன செய்யறது, அதைச் சொல்லுங்க. கல்லைப் போய்த் திட்டி என்ன பிரயோசனம்?"

என்னிடம் பதில் இல்லை. துஆச் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பதில் தெரியாதபோது எங்களைப் போன்றவர்கள் சொல்லித் தப்பித்துக் கொள்கிற வார்த்தை அது. அல்லாஹ் மன்னிப்பானாக.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மதரஸாவில் ஏழாண்டு ஓதினேன்; தஃப்ஸீர் ஓதினேன்; கல்லைப் பற்றிய இந்த வசனத்துக்கு இமாம்கள் எழுதிய விளக்கங்களையும் ஓதினேன். ஆனால் கல் என்றால் என்ன என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கல் மாறாது என்பதே என் எண்ணமாயிருந்தது. மாலையில் எங்களிடம் ஓதவரும் பிள்ளைகள் பகலில் பள்ளிக்கூடம் போகிறவர்கள். மறுநாள் அவர்களில் ஒருவனுடைய புவியியல் பாடப் புத்தகத்தை இரவல் வாங்கினேன். தெரிந்தவர்களிடமும் கேட்டேன். அந்தப் பெரியவரிடமும் கேட்டேன். மண்ணுக்கு அடியில் இருப்பதைக் கண்ணால் பார்த்தவராயிற்றே!

புத்தகம் கல்லை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. நெருப்புக் குழம்பு ஆறிக் கெட்டியானது தீப்பாறை. மணலும் சேறும் சிப்பியும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது படிவுப்பாறை. இவ்விரண்டில் எதுவானாலும் பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் பாரத்திலும் அகப்பட்டு வேறு கல்லாக ஆனது உருமாறிய பாறை. இதில் நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இவை மூன்று சாதிகள் அல்ல, மூன்று நிலைகள். தீப்பாறை தேய்ந்து மணலாகி மறுபடியும் பாறையாகிறது. அது ஆழத்தில் புதைந்து உருமாறுகிறது. இன்னும் ஆழம் போனால் உருகி மீண்டும் நெருப்புக் குழம்பாகிறது. எந்தக் கல்லுக்கும் எந்த நிலையும் கடைசி நிலையல்ல.

தூரத்துக்குப் போக வேண்டாம், நம் ஊரையே பாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகி நம் வட்டாரத்துக் குடியிருப்புகளில் புகுந்தது. வெள்ளம் வடிந்த பின் வீட்டிலிருந்து வண்டலை வாரிக் கொட்டியவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். அந்த மண் எங்கிருந்து வந்தது? தென்பெண்ணை கர்நாடகத்து நந்தி மலையிலே பிறந்து, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் கடந்து, இங்கே கடலில் சேருகிறது. வழிநெடுகக் கருங்கல். பகல் வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, மழை நீர் ஊறி, வேர் நுழைந்து அந்தக் கருங்கல் விள்ளுகிறது. விண்டது உருள்கிறது, உருண்டது தேய்கிறது, தேய்ந்தது மணலாகி நம் வாசலுக்கு வருகிறது. இரும்பினால்தான் உடையும் என்று நாம் நினைக்கிற கருங்கல்லை வெயிலும் மழையுமே மணலாக்கி விடுகின்றன.

அந்த மணலாவது மணலாகவே நின்றுவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. சிறைச்சாலை இருக்கிறதே, அந்தக் கேப்பர் மலையைப் பார்த்திருப்பீர்கள். மலை என்று பெயர்தான், செம்மேடு. முன்னொரு காலத்தில் நீர் கொண்டுவந்து கொட்டிய மணல் படிந்து, இரும்புச் சத்துள்ள நீர் ஊறி ஒட்டவைத்து, சிவந்து கல்லான மேடு அது. இந்த வகைக் கல்லுக்குப் புவியியலார் வைத்திருக்கிற பெயரே கடலூர் மணற்கல். புதுச்சேரிப் பக்கம் இருந்தாலும் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தாலும் நம் ஊர்ப் பெயரால்தான் அழைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது அவர்களுக்குப் பிடிபடாத பெருமை.

தாய்மார்களே! உங்கள் வீட்டில் பழைய அம்மிக்கல் இருந்தால் கழுவிவிட்டு ஈரத்தோடு பாருங்கள். பல கற்களில் வெள்ளையும் கறுப்புமாக வரியோடியிருக்கும். ஆழத்தில் வெந்து நசுங்கி உருமாறிய கல்லின் அடையாளம் அந்த வரி. நாம் அலிஃப், பே எழுதிப் பழகிய சிலேட்டும் அப்படித்தான். ஆந்திரத்து மார்க்காபூர் சிலேட்டு பேர்போனது. அது ஆதியில் வெறும் சேறு. சேறு இறுகிக் களிமண் பாறையாகி, அது அழுத்தத்தில் அகப்பட்டுத் தகடு தகடாகப் பிரியும் சிலேட்டாயிற்று. சுண்ணாம்புக் கல் அவ்வாறு வெந்தால் சலவைக்கல். தாஜ்மஹாலுக்கு மக்ரானாவிலிருந்து கொண்டுபோன வெள்ளைக் கல்லெல்லாம் அந்த இனம்.

சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளுக்கு இன்னொரு கதை உண்டு. கல்கத்தாவில் 1690களில் இறந்த ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயருடைய கல்லறைக்குப் பல்லாவரத்துக் கரும்பாறையிலிருந்துதான் கல் போயிற்று. இருநூறு ஆண்டு கழித்து, 1893இல், தாமஸ் ஹாலண்டு என்ற அறிஞர் அந்தப் பாறை வகைக்கு சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். பூமிக்குள் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் ஆழத்தில், எழுநூறு டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் பக்குவப்பட்ட கல் அது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். கப்றுக்கு மீஸான் கல் நாட்டுகிறோம். இன்னார் இன்ன தேதியில் மவுத்தானார் என்று பொறிக்கிறோம். அந்தக் கல்லே எத்தனை மவுத்தைக் கடந்து வந்திருக்கிறதென்று யார் பொறிப்பது?

இத்தனை கோடி ஆண்டுக் கணக்கை ஒரு முஸ்லிம் ஒத்துக்கொள்ளலாமா, ஆறு நாளில் வானம் பூமியைப் படைத்ததாகவன்றோ திருமறை கூறுகிறது என்று ஒரு சகோதரர் கேட்டார். உன் ரப்பிடத்தில் ஒரு நாள் என்பது நீங்கள் எண்ணுகிற ஆயிரம் ஆண்டு போன்றது என்று ஹஜ் அத்தியாயத்திலும், ஐம்பதாயிரம் ஆண்டு அளவுள்ள நாளைப் பற்றி மஆரிஜ் அத்தியாயத்திலும் வந்திருக்கிறது. சூரியன் உதித்து மறையும் நம்முடைய நாளை அல்லாஹ்வின் படைப்புக்கு அளவுகோலாகப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. அதேபோல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மலைகள் மேகங்களைப் போல் நகர்வதைச் சொல்லும் நம்லு அத்தியாயத்து வசனத்தை எடுத்துக்கொண்டு, கண்டங்கள் நகர்வதாக இன்றைய விஞ்ஞானம் கூறுவது இதுவே என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். முபஸ்ஸிர்களில் பெரும்பாலோர் அது கியாமத் நாளைக் குறித்தது என்பார்கள். விஞ்ஞானம் இன்று ஒன்று சொல்லும், நாளை திருத்திக்கொள்ளும். அதன் பின்னால் அல்லாஹ்வின் கலாமை இழுத்துக்கொண்டு ஓடுவது எனக்கு உவப்பில்லை. கல்லைப் பார்த்துப் படிப்பினை பெறு என்றான், பார்க்கிறோம். அது போதும்.

விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு திருவக்கரைக்குப் போனோம். புதுச்சேரிக்கு அப்பால், வானூர் வட்டத்தில் இருக்கிறது. பெரியவரையும் கூப்பிட்டேன். முதலில் தயங்கினார், பிறகு வந்தார்.

அங்கே செம்மண்ணில் மரங்கள் கிடக்கின்றன. கல் மரங்கள். சொனெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781இலேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். 1940 முதல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஏறக்குறைய இருநூறு மரங்கள். சில பதினைந்து மீட்டர் நீளம் வரை. நான் மரம் போன்ற கல்லைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துப் போனேன். அப்படியில்லை. மரமேதான். பட்டை உரிந்த இடம், கணு, நார் ஓடிய திசை, வெட்டுவாயில் வளையம், ஒன்றும் குறையவில்லை. தட்டினால் கல். சில்லென்று இருக்கிறது. இரண்டு கோடி ஆண்டுக்கு முற்பட்டவையாம். கிளையில்லை, வேரில்லை, இலையில்லை. ஆகவே வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, நம் ஊர்ப் பெயருள்ள அந்தக் கடலூர் மணற்கல்லுக்குள் புதைந்தவை என்கிறார்கள். புளியின் இனத்தைச் சேர்ந்த மரங்களும் அவற்றில் உண்டாம்.

மரம் எப்படிக் கல்லாயிற்று? மணலுக்கு அடியில் காற்றுப் படாமல் கிடந்ததால் சட்டென்று மக்கவில்லை. மணலின் சத்து கரைந்த நீர் அதற்குள் ஊறிக்கொண்டே இருந்தது. நீர் கொண்டுவந்த சத்து மரத்தின் கண்ணறைகளில் படிந்து படிந்து, மரம் போன இடத்தில் கல் உட்கார்ந்தது. மரத்தின் ஒரு வரியைக்கூடக் கலைக்காமல் உட்கார்ந்தது.

ஒரு பொடியன் கீழே கிடந்த சில்லொன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். காவலர் பார்க்கவில்லை, நான் பார்த்துவிட்டேன். அது பொதுச் சொத்து, நம்மிடம் அமானிதம் என்று சொல்லி எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். அவன் முகம் வாடியது. பரவாயில்லை.

பெரியவர் ஒரு மரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் கையால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நெய்வேலியிலே நாங்க வெட்டினதும் மரந்தான் ஹஜ்ரத். சில கட்டியிலே மரத்தோட நார் அப்படியே தெரியும். அங்கே கரியாச்சு, இங்கே கல்லாச்சு."

உண்மைதான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போட்டபோது கறுப்பாக வந்த பொருள்தான் நெய்வேலியின் தொடக்கம். 1956இல் நிறுவனம் ஏற்பட்டது. 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. இன்று என்.எல்.சி. இந்தியா என்று பெயர். சதுப்பில் விழுந்து புதைந்த செடிகொடி மரங்கள் மேலேயுள்ள மண்ணின் பாரத்தில் பழுப்பு நிலக்கரியாயின. அந்தக் கரிப் படிவுக்கு அடியிலுள்ள மணற்படுகையில் நீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். நிறுத்தினால் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு மேலே வரும். பிளந்து நீர் சுரக்கும் கற்களென்று நான் ஓதிக் காட்டிய வசனத்துக்கு அந்தப் பெரியவர் முப்பது ஆண்டு நேர் சாட்சி! அவருக்குத்தான் நான் கல்லைப் பற்றி உபதேசம் செய்திருக்கிறேன்.

அவர் மேலும் சொன்னார்: "தண்ணி சொட்டுச் சொட்டா ஊறித்தானே இது கல்லாயிருக்கு? எனக்கும் ஒரே நாள்ல ஆகலே. பாகம் பிரிச்ச அன்னிக்குக் கோபம்தான் இருந்துச்சு. பெருநாள் அன்னிக்கு அவன் வீட்டுக்குப் போகலே, அது ஒரு சொட்டு. அவன் மக நிக்காஹுக்கு எனக்குப் பத்திரிகை வரலே, அது ஒரு சொட்டு. எதிரே வந்தா நான் செருப்பைப் பார்ப்பேன், அவன் வானத்தைப் பார்ப்பான். பதினாறு வருஷம்."

எனக்கு உடனே நாயகத்தின் ஒரு நபிமொழி நினைவுக்கு வந்தது. அடியான் ஒரு பாவம் செய்தால் அவன் கல்பில் ஒரு கரும்புள்ளி விழுகிறது. அவன் மீண்டு பாவமன்னிப்புத் தேடினால் துலக்கப்படுகிறது. திரும்பத் திரும்பச் செய்தால் புள்ளி கூடிக்கூடிக் கல்பையே மூடிவிடுகிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக திர்மிதீயில் வருகிறது. முதஃப்பிஃபீன் அத்தியாயத்தில் கூறப்படும் துரு இதுவே என்றும் விளக்கினார்கள். ஹஜருல் அஸ்வதைப் பற்றியும் அதே திர்மிதீயில் ஒன்றுண்டு. சுவனத்திலிருந்து இறங்கியபோது பாலினும் வெண்மையாக இருந்ததாம். ஆதமுடைய மக்களின் பாவங்கள் அதைக் கறுக்கச் செய்தனவாம். கல்லே நம்மால் நிறம் மாறுகிறதென்றால் நம் கல்பு எம்மாத்திரம்!

திரும்பி வரும் வழியில் தொழுகை நேரம் வந்தது. ஒளுச் செய்ய ஓரிடத்தில் நீர் கிடைத்தது. கிடைக்காமற் போயிருந்தால் அந்தக் கல் மரத்தில் தயம்மும் செய்யலாமா என்று பெரிய பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. ஷாபிஈ மத்ஹபில் தயம்முமுக்குத் தூசியுள்ள மண் வேண்டும். வெறும் கல் போதாது. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி பூமியின் இனத்தைச் சேர்ந்த எதுவும் ஆகும். எரிந்து சாம்பலாவதும் உருகுவதும் பூமியின் இனமல்ல என்பது அங்கே பொதுவான அளவுகோல். மரத்தில் தயம்மும் கூடாது. ஆனால் இந்த மரம் எரியுமா? உருகுமா? அவர்களே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஊர் வரும்வரை விவாதம் ஓயவில்லை.

பொருள் மாறினால் சட்டம் மாறுகிறது என்பதை நம் இமாம்கள் நன்கறிந்திருந்தார்கள். மது தானாகவே காடியாக மாறிவிட்டால் அது சுத்தம். நேற்றுவரை மதுவாயிருந்ததே என்று யாரும் அதைக் கொட்டச் சொல்வதில்லை. செத்த பிராணியின் தோல் பதனிடப்பட்டால் சுத்தம். அசுத்தத்தையே மாற்றி ஏற்றுக்கொள்ளும் மார்க்கம், மனிதன் மாறுவதற்கு மட்டும் கதவை அடைத்துவிடுமா?

அதற்குப் பிறகு ஒருநாள் பெரியவர் வீட்டுக்கு நானே போனேன். அந்தச் சுவரையும் பார்த்தேன். செங்கலும் சிமெண்டும். நம் பக்கத்தில் அரியலூரில் சிமெண்டு ஆலைகள் நிறைய உண்டு. அந்த நிலம் பத்துக் கோடி ஆண்டுக்கு முன் கடலாக இருந்தது. கடற்பிராணிகளின் ஓடுகள் படிந்து கல்லானதைத்தான் வெட்டி அரைத்துச் சுட்டுச் சிமெண்டாக்குகிறார்கள். அந்தக் காலத்தில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்தார்களே, அதன் கதையும் இதுதான். சுட்டால் நீறாத சுண்ணாம்பு. நீர் ஊற்றினால் கொதித்துக் குழைகிறது. சுவரில் பூசினால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகிவிடுகிறது. கோடி ஆண்டு கேட்கிற மாற்றம் ஒன்று கொத்தனார் கையில் சில மாதங்களில் முடிகிறது. காலம் எல்லாக் கல்லுக்கும் ஒன்றல்ல.

பெரியவர் கேட்டார்: "நடந்ததை மறக்கணுமா ஹஜ்ரத்? அது என்னாலே ஆகாது."

இந்த இடத்தில்தான் நம்மவர் பலர் இடறி விழுகிறார்கள். மன்னிப்பதென்றால் நெஞ்சிலே வலியே இருக்கக் கூடாது என்று நினைத்து, வலி போகவில்லையே என்று ஸலாமையும் நிறுத்தி வைக்கிறார்கள். உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியால் கொன்ற வஹ்ஷீ பிற்பாடு இஸ்லாத்தில் இணைந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். நாயகம் அவரை ஏற்றுக்கொண்டார்கள். பழிவாங்கவில்லை. ஆனால் உம் முகத்தை என் பார்வையிலிருந்து விலக்கிக்கொள்ள இயலுமா என்று கேட்டார்கள் என்று புகாரீயில் காண்கிறோம். ரஹ்மத்துல் லில்ஆலமீனான அவர்களுக்கே சிறிய தந்தையை இழந்த வலி இருந்தது. அந்த வலி வஹ்ஷீயின் ஈமானை மறுக்கச் செய்யவில்லை. அதே வஹ்ஷீ பின்னாளில் யமாமாப் போரில் பொய்யன் முஸைலமாவைக் கொல்வதில் பங்கு கொண்டார்.

"திருவக்கரையிலே பார்த்தீர்களே, கல்லான பிறகும் மரத்தின் வரி இருந்ததல்லவா? அம்மிக்கல்லிலும் வரி இருக்கிறது. மாறுவதற்கு வரி அழிய வேண்டியதில்லை. மறக்கச் சொல்லி மார்க்கம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று நாளுக்கு மேல் பேசாமல் பிரிந்திருக்காதீர்கள் என்றுதான் கட்டளை. இருவரில் சிறந்தவர் ஸலாமை முந்துகிறவர் என்று அபூஅய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஸலாம் சொல்வதே அந்தப் பேச்சு முறிவை நீக்கிவிடுகிறது என்பது ஷாபிஈ, மாலிக் (ரஹ்) முதலிய இமாம்களின் கருத்தென்று நவவீ இமாம் எழுதுகிறார்கள். உங்களிடம் கேட்கப்படுவது அவ்வளவுதான்."

"பாகத்துலே அவன் செஞ்சது?"

"அது கணக்கு. உங்கள் உரிமை உங்களுக்கு உண்டு. ஜமாஅத்தில் வைத்துக் கேளுங்கள், பாவமில்லை. ஸலாம் வேறு, கணக்கு வேறு."

அப்போதுதான் அவருடைய சகோதரியைப் பற்றிப் பேச்சு வந்தது. அண்ணனும் தம்பியும் சுவர் எழுப்பும்போது சகோதரிக்கு அல்லாஹ் விதித்த பங்கு சுவரின் எந்தப் பக்கம் போயிற்று என்று நம் ஊர்களில் யாரும் கேட்பதில்லை. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அது தனியாக எழுத வேண்டிய விஷயம். இன்ஷா அல்லாஹ் எழுதுவேன்.

கிளம்பும்போது ஒன்று சொன்னேன். நபிப்பட்டம் கிடைப்பதற்கு முன் தமக்கு ஸலாம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு கல்லை மக்காவில் தாம் இப்போதும் அறிந்திருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. "நெஞ்சு கல்லாகிவிட்டது, அதனால் ஸலாம் வரவில்லை என்றீர்கள். கல்லாலேயே ஸலாம் சொல்ல முடிந்திருக்கிறதே பாய்?" என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சுபுஹுக்குப் பிறகு பள்ளிவாசலில் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தம்பி சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தாராம். இவர் இந்தப் பக்கமிருந்து ஸலாம் சொல்லியிருக்கிறார். குழாய்ச் சத்தம் நின்றதாம். பதில் வரவில்லையாம்.

"நாளைக்கும் சொல்லணுமா ஹஜ்ரத்?"

"சொல்லுங்கள். பதில் சொல்வது அவர்மீது கடமை. சொல்வது உங்கள் பங்கு."

இதை எழுதும் இன்றைக்குப் பதினோரு நாளாகிறது. தினமும் சொல்கிறார். தம்பியின் குரல் இன்னும் வரவில்லை. நாலாம் நாள் மட்டும், வீட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண்குழந்தையின் குரல், யாரென்று தெரியாமலே, வ அலைக்குமுஸ்ஸலாம் என்று நீட்டி முழக்கிப் பதில் சொல்லிற்றாம். தம்பியின் பேத்தியாக இருக்கும். அந்தக் குழந்தையை அவர் இதுவரை பார்த்ததில்லை.